கொசுவின் நரம்பும் நம் வீட்டுப் புகையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் கொசுவோடு இரண்டு இடங்களில் போர் நடக்கும். தெருவில் மாநகராட்சி ஊழியர்கள் புகைமருந்து அடிப்பார்கள். வீட்டுக்குள் நாம் சுருள் கொளுத்துவோம், திரவ மருந்துக் கருவியைச் செருகுவோம், ‘மூலிகை’ என்று அச்சிட்ட ஊதுவத்தியை ஏற்றுவோம். இவற்றில் பெரும்பாலானவை கொசுவின் நரம்பைத் தாக்குபவை. நரம்பு கொசுவுக்கு மட்டுமா இருக்கிறது? ஏரி மீனுக்கும் தேனீக்கும் பூனைக்கும் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் உண்டு. இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, எப்போது வேலை செய்யாமல் போகின்றன என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ரசாயனம் என்றால் பயப்படுகிறவர்கள், செடியிலிருந்து எடுத்தது என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். தாம்பரம் சண்முகம் சாலையிலும் குரோம்பேட்டை கடைகளிலும் விற்பனைக்கு இருக்கும் கொசு மருந்துகளின் அட்டைகளைப் பாருங்கள். வேப்பிலைப் படமும் துளசிப் படமும் நிறைந்திருக்கும். செடியிலிருந்து வந்த நஞ்சும் நஞ்சுதான். அது எந்த உறுப்பைத் தாக்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு மூடிய அறையில் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் தீமை அமைகிறது.

மூன்று கொசு, மூன்று தண்ணீர்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-ல் உருவானது தாம்பரம் மாநகராட்சி. இன்று 70 வார்டுகள். மாநகராட்சி என்ற பெயர் வந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வந்துவிடவில்லை. பல தெருக்களில் இன்னும் செப்டிக் டேங்க்தான். குடிநீருக்கு லாரி, அதைப் பிடித்துவைக்க சம்ப், மாடியில் சின்டெக்ஸ், அடுக்களையில் டிரம்.

இந்த ஏற்பாடு மூன்று வகைக் கொசுக்களுக்கும் வாழ்வு தருகிறது. இரவில் காதோரம் ரீங்காரமிடும் க்யூலெக்ஸ், செப்டிக் டேங்கிலும் தேங்கிய சாக்கடையிலும் பெருகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், நாம் மூடாமல் விட்ட நல்ல தண்ணீரில் முட்டையிடும். சென்னைக்கு நெடுங்காலமாக மலேரியாவைக் கொடுத்துவந்த அனாபிலஸ் ஸ்டெபன்சி, மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் விரும்பும்.

இவற்றின் பழக்கவழக்கங்களும் வேறு வேறு. ஏடிஸ் பகலில் கடிக்கும்; காலையிலும் மாலை மங்குவதற்கு முன்பும் அதிகம். ஆகவே இரவு பத்து மணிக்குக் கொளுத்தும் சுருள் டெங்குவிலிருந்து நம்மைப் பெரிதாகக் காப்பாற்றுவதில்லை. 2017-ல் தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது. அரசுக் கணக்குப்படியே 65 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தமிழகத்து வீடுகளில் கொசு மருந்துக்குப் பஞ்சமில்லை.

ஒரு பூ உலகைச் சுற்றிய கதை

கொசுச் சுருளின் மூலம் ஒரு பூ. இன்றைய குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் விளையும், சாமந்திக்கு உறவான வெள்ளைப் பூ. அதைக் காயவைத்து அரைத்த தூளுக்குப் பூச்சிகள் சுருண்டு விழுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வணிகர்கள் கண்டுகொண்டார்கள். அந்தச் சாற்றின் பெயர் பைரித்ரம். அதிலுள்ள ஆறு வேதிப்பொருள்களுக்குப் பொதுப்பெயர் பைரித்ரின்.

ஜப்பானில் எய்ச்சிரோ உவேயாமா 1890-ல் இந்தத் தூளைக் கொண்டு ஊதுவத்தி செய்தார். அது சீக்கிரம் எரிந்து தீர்ந்துபோனது. அதைச் சுருளாக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூகி. நம் வீடுகளில் பச்சை நிறத்தில் சுருண்டு கிடப்பது அந்த யோசனைதான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பூவோடு பழைய உறவு உண்டு. 1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு, புதிய வாய்க்கால்கள் போன பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா தலைதூக்கியது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் சார்பில் இங்கே பணியாற்றிய பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர், 1930-களின் இறுதியில் கிராமத்து வீடுகளுக்குள் பைரித்ரம் தெளித்துப் பார்த்தார். வளர்ந்த கொசுவை வீட்டுக்குள்ளேயே கொன்றால் மலேரியா குறையும் என்று காட்டிய தொடக்க காலச் சோதனைகளில் அதுவும் ஒன்று. நீலகிரியிலும் காஷ்மீரிலும் இந்தப் பூவைப் பயிரிட்டும் பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிடிடி என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி வந்ததும் பூ பின்னுக்குப் போனது.

ஆனால் மறைந்துவிடவில்லை. டெங்கு நோயாளி கண்டறியப்பட்ட வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் உள்ளே வந்து தெளிக்கிறார்களே, அது பெரும்பாலும் பைரித்ரம்தான். இரண்டு விழுக்காட்டுச் சாறு ஒரு பங்கு, மண்ணெண்ணெய் 19 பங்கு என்பது தேசிய வழிகாட்டுதல்.

இயற்கைப் பைரித்ரினுக்கு ஒரு பலவீனம் உண்டு: வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். சுற்றுச்சூழலுக்கு அது நல்லது, வியாபாரத்துக்கு ஆகாது. எனவே வேதியியலாளர்கள் அதே அமைப்பைப் பின்பற்றிச் செயற்கை மருந்துகளை உருவாக்கினார்கள். 1949-ல் அலெத்ரின் வந்தது. 1973-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு உருவாக்கிய பெர்மெத்ரின், வெயிலிலும் தாக்குப்பிடித்தது. இன்று நாம் செருகும் திரவ மருந்தில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், கொசுவலையில் தோய்க்கும் டெல்டாமெத்ரின் எல்லாமே இந்தப் பூவின் செயற்கை வாரிசுகள். பைரித்ராய்டு என்பது குடும்பப் பெயர்.

நரம்பில் நடப்பது என்ன?

நரம்பின் வழியே செய்தி போவது மின்துடிப்பாக. அந்தத் துடிப்பை உண்டாக்குவது உப்பில் இருக்கும் சோடியம். நரம்பின் சுவரில் நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. கதவு திறந்தால் சோடியம் உள்ளே பாயும், துடிப்பு பிறக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் கதவு அடைத்துக்கொள்ளும், நரம்பு ஓய்வு பெறும். நாம் விரலை மடக்குவதும் கொசு சிறகடிப்பதும் இந்தக் கதவுகள் திறந்து மூடும் ஒழுங்கில்தான்.

பைரித்ரின் இந்தக் கதவில் போய் ஒட்டிக்கொண்டு அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு முறை போக வேண்டிய துடிப்பு மறுபடி மறுபடி போகிறது. தசைகள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. கொசு தலைகீழாக விழுந்து காலை உதைக்கிறது. தெருவில் புகை அடித்த சிறிது நேரத்தில், சாக்கடை மூடியின் இடுக்கிலிருந்து கரப்பான்கள் வெளியேறி மல்லாந்து கிடந்து துடிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நரம்பு ஓய்வில்லாமல் துடிப்பதன் வெளித்தோற்றம் அது.

மனித நரம்பிலும் இதே வகைக் கதவுகள்தான். இருந்தும் நாம் ஏன் விழுவதில்லை? மூன்று காரணங்கள். நம்முடைய கதவின் அமைப்பு சற்றே வேறு; மருந்து அதில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டுவதில்லை. நம் உடல் சூடு அதிகம். இந்த மருந்துகளின் வேகம் குளிர்ந்த உடலில் கூடும், சூடான உடலில் குறையும். நம் கல்லீரல் இவற்றை விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும். இவை போக, உடம்பின் அளவும் நமக்குச் சாதகம்.

இந்தச் சாதகம் எல்லா உயிருக்கும் கிடையாது. பூனையின் கல்லீரலுக்கு பெர்மெத்ரினை உடைக்கும் திறன் மிகக் குறைவு. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வந்து இறக்கக்கூடும். மீன்களுக்கு இது கடும் நஞ்சு. தேனீ பூச்சியினம் என்பதால் தப்ப வழியே இல்லை.

விழுந்தது எல்லாம் சாவதில்லை

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம்: கொசு விழுவது வேறு, சாவது வேறு. பைரித்ரின் பட்டு விழுந்த பூச்சி, தன் உடலிலுள்ள நொதிகளால் அந்த நஞ்சை உடைத்துவிட்டு எழுந்து பறந்துவிடக்கூடும். காலையில் பெருக்கும்போது தரையில் ஒன்றுமில்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மாற்று முதலில் கிடைத்தது நம் அடுக்களையில் இருக்கும் பொருளிலிருந்து. 1940-ல், பைரித்ரத்தோடு எள் எண்ணெயைச் சேர்த்தால் அதன் வீரியம் கூடுவதை அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். எள்ளில் உள்ள செசமின் என்ற பொருள் பூச்சியின் நொதியை முடக்குகிறது. எள் எண்ணெய் தானாகக் கொசுவைக் கொல்லாது. கொல்லும் மருந்தைப் பூச்சி உடைக்காமல் தடுக்கிறது. இன்று தெளிப்பு மருந்துகளில் சேர்க்கப்படும் பிப்பெரோனில் பியூடாக்சைடு செய்வதும் இதே வேலைதான்.

ஆனால் கொசுவிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. சோடியம் கதவின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் பிறக்கும் கொசுவில் மருந்து சரியாக ஒட்டாது. மற்றவை செத்துப்போக, இது மட்டும் தப்பி முட்டையிடும். சில வாரங்களுக்கு ஒரு தலைமுறை என்ற வேகத்தில், சில ஆண்டுகளில் ஊர் முழுக்க இதன் வாரிசுகள் ஆகிவிடும். 1950-களில் வீட்டு ஈக்களிடம் முதலில் தெரியவந்த இந்த மாற்றம், இன்று க்யூலெக்ஸ், ஏடிஸ், அனாபிலஸ் மூன்றிலும் உலகின் பல பகுதிகளில் காணப்படுகிறது. இந்தியாவில் ஏடிஸ் கொசுக்களிலும் பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் வரலாறு நம்மைத் துரத்துகிறது. டிடிடியும் இதே சோடியம் கதவைத்தான் தாக்கும். 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் இந்தியச் சுவர்களில் டிடிடி அடித்தோம். அதாவது, சுருளும் திரவ மருந்தும் பரவலாவதற்கு முன்பே நம் கொசுக்கள் அந்தக் கதவை மாற்றிக்கொள்ளும் பயிற்சியைத் தொடங்கிவிட்டன. அதன்பின் சுருள், திரவம், ஊதுவத்தி, மட்டை வடிவ வில்லை, மருந்து தோய்த்த வலை என்று எதை மாற்றினாலும் தாக்கும் இடம் மாறவில்லை. ‘அந்தக் கம்பெனி மருந்து கேட்கவில்லை, இதை வாங்கிப் பார்க்கலாம்’ என்று பிராண்டை மாற்றும்போது பெரும்பாலும் நாம் பெட்டியைத்தான் மாற்றுகிறோம்.

தெருவில் அடிக்கும் மாலத்தியானும், தொட்டியில் ஊற்றும் ‘அபேட்’ என்ற டெமிஃபாஸும் வேறு இடத்தைத் தாக்குபவை. ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருளைத் துடைத்தெடுக்கும் நொதியை அவை முடக்குகின்றன. அவற்றுக்கும் எதிர்ப்புத் திறன் வரும். ஆனால் வழி வேறு. மருந்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று பூச்சியியலாளர்கள் வலியுறுத்துவது, பெயர் மாறினால் போதாது, தாக்கும் இடமே மாற வேண்டும் என்பதற்காக.

புகையிலை, வேம்பு, நொச்சி

தென்புறநகரின் மொட்டை மாடிகளில் இன்று தோட்டம் போடாத தெரு அரிது. மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தால் பலரும் நாடுவது வீட்டுக் கரைசல்களை. அவற்றை ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது.

புகையிலைக் கரைசலில் இருப்பது நிக்கோட்டின். பூச்சியின் நரம்புச் சந்திப்பில் செய்தியை வாங்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, செய்தி வந்தது வந்தது என்று பொய்யாகத் தூண்டிக்கொண்டே இருக்கும். மனிதனுக்கும் அதே இடம் உண்டு. தோல் வழியாகவும் நிக்கோட்டின் உடலில் ஏறும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கும் தொழிலாளர்களுக்கு வாந்தியும் மயக்கமும் வருவது அதனால்தான். ‘இயற்கைக் கரைசல்தானே’ என்று கையுறை இல்லாமல் பிழிவதும், தெளித்த மறுநாள் கீரை பறிப்பதும் ஆபத்து. விஷத்தன்மையில் நிக்கோட்டின், வீட்டுக் கொசு மருந்துகள் பலவற்றை விடவும் கடுமையானது. இதன் பாணியில் உருவான செயற்கை மருந்துகளில் ஒன்றுதான் இமிடாக்ளோப்ரிட். புதிய அடுக்ககங்களின் அடித்தளத்தில் கரையானுக்கு ஊற்றப்படுகிறது. தேனீக்களுக்கு ஏற்படும் பாதிப்பு காரணமாக, 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை வயல்வெளிகளில் பயன்படுத்தத் தடை விதித்தது.

வேம்பின் கதை நேர் எதிர். அதன் முக்கியப் பொருளான அசாடிராக்டின் நரம்பைத் தாக்கி உடனே வீழ்த்தும் நஞ்சல்ல. பூச்சியின் பசியைக் கெடுக்கும். தோலுரித்து வளர்வதற்கான ஹார்மோனைக் குழப்பும். அதனால் மாடித்தோட்டத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்ல தேர்வு. பலன் தெரியச் சில நாள் ஆகும். பறக்கும் கொசுவை வேப்பெண்ணெய் ஆவி வீழ்த்திவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. காலியான மருந்துக் குப்பியில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்து ஊற்றிச் செருகும் பழக்கம் பரவியிருக்கிறது. கற்பூரம் எளிதில் தீப்பற்றும். குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

நொச்சிக்கும் இதே அளவு நிதானம் தேவை. சைதை துரைசாமி மேயராக இருந்தபோது சென்னை மாநகராட்சி நொச்சிக் கன்றுகளை வழங்கியது பலருக்கு நினைவிருக்கும். நொச்சி இலையைக் கசக்கினாலோ மூட்டம் போட்டாலோ வெளிவரும் எண்ணெய்கள் கொசுவை விலக்கும். வாசலில் செடி நின்றால் மட்டும் கொசு ஓடிவிடாது. விரட்டுவது வேறு, கொல்வது வேறு. விரட்டப்பட்ட கொசு அடுத்த வீட்டுக்குப் போகும்.

பைரித்ரம் தவிர, நரம்பைத் தாக்கும் இயற்கைப் பொருள்களில் பொது சுகாதாரத்துக்கு உண்மையாகவே பயன்படக்கூடியது, மண் நுண்ணுயிரிலிருந்து கிடைக்கும் ஸ்பினோசாட். கொசுப்புழுவை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டு ஏற்ற மருந்துகளில் அதுவும் உண்டு. நரம்பை விட்டுப் புழுவின் குடலைத் தாக்கும் பிடிஐ பாக்டீரியா இன்னொன்று. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதன் உள்நாட்டு ரகம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. பிடிஐ மீனையும் மனிதனையும் தொடுவதில்லை.

மூடிய அறையின் ஆபத்து

கொசுச் சுருளில் மருந்தின் அளவு பொதுவாக நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத் தூள், பசை. நுரையீரலுக்குப் பெரிய தொல்லை இந்த மீதியால்தான். சீன, மலேசியச் சுருள்களை வைத்து 2003-ல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகள் வெளியேறுவதாகக் கணக்கிட்டது. கதவு சன்னலை அடைத்து, அந்தப் புகைக்குள் எட்டு மணி நேரம் தூங்குகிறோம். ஆஸ்துமா உள்ள வீட்டில் இது நோயை விலைகொடுத்து வாங்குவது.

மூடிய அறை எவ்வளவு கொடியதாகும் என்பதைச் சென்னை இரண்டு முறை கண்டது. 2023 ஆகஸ்டில் மணலியை அடுத்த மாத்தூரில், கொசு மருந்துக் கருவி உருகி அருகிலிருந்த பொருள் தீப்பற்றிய புகையில் ஒரு மூதாட்டியும் மூன்று சிறுமிகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2024 நவம்பரில் நம் பக்கத்துக் குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் பலியானார்கள். முதலாவதில் உயிர்பறித்தது புகை, இரண்டாவதில் எலிமருந்து. இரண்டிலும் காற்றோட்டமில்லாத அறையில் மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆபத்து அடையாளமில்லாத ஊதுவத்தி. 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, வீட்டுக்கொசு மருந்தும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவிடம் பதிவு பெற வேண்டும். பதிவு எண், மருந்தின் பெயரும் அளவும், தயாரிப்பாளர் முகவரி, எதிர்மருந்துக் குறிப்பு, நச்சுத்தன்மையைக் காட்டும் சாய்சதுரக் குறி ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். சிவப்பு என்றால் மிகக் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம். பச்சை மிகக் குறைவு. இவை எதுவுமில்லாமல் ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று மட்டும் போட்டு, ஏற்றிய ஐந்து நிமிடத்தில் கொசு பொத்துப் பொத்தென்று விழுந்தால், சந்தேகப்படுங்கள். அந்த வேகம் நொச்சிக்கும் வேம்புக்கும் கிடையாது.

சாக்கடை வழியே ஏரிக்கு

செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்ற நிலம் அது. நாம் வாசல் கால்வாயில் கொட்டும் மீத மருந்தும் அந்த வழியேதான் போகும்.

மீனும் தட்டானின் இளம்பருவமும் கொசுப்புழுவை உணவாகக் கொள்பவை. ஏரிக்கரையிலும் கால்வாயிலும் கண்மூடித்தனமாக பைரித்ராய்டு அடித்தால் முதலில் போவது இவை. கொசுவுக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிட்ட இடத்தில் விளைவு இன்னும் மோசம்: கொசு பிழைத்துக்கொள்ளும், கொசுவைத் தின்பவை செத்துப்போகும்.

என்ன செய்யலாம்?

*வீட்டில்:* ஏடிஸ் கொசு பொதுவாக ஓரிரு தெருவைத் தாண்டிப் பறப்பதில்லை; நம்மைக் கடிப்பது நம் தெருவில் பிறந்ததுதான். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருநாள் போதும். அன்று டிரம், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டை, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் முனையில் நைலான் வலை கட்டுங்கள். சம்ப் மூடியின் இடுக்கை அடையுங்கள். சன்னலுக்கு வலை அடிக்கும் செலவு, இரண்டு மூன்று ஆண்டு சுருளுக்கும் திரவத்துக்கும் ஆகும் செலவுக்குள் அடங்கிவிடும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை போடுங்கள்.

மருந்து தேவைப்பட்டால், மாலையில் அறையில் ஆளில்லாத நேரத்தில் பயன்படுத்திவிட்டு, தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். துணி, அட்டை, மெத்தைக்கு அருகே கருவியையோ சுருளையோ வைக்காதீர்கள். குழந்தை திரவ மருந்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அதிலுள்ள எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

*மாநகராட்சியில்:* எந்த வார்டில், எந்த நாளில், எந்த மருந்து, எந்த அளவில் அடிக்கப்படுகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். ஆஸ்துமா நோயாளியும், மீன்தொட்டி, தேனீப்பெட்டி வைத்திருப்பவரும் முன்னேற்பாடு செய்துகொள்ள இது உதவும்.

புகை அடிப்பதை டெங்கு நோயாளி கண்டறியப்பட்ட பகுதிகளுக்கும் கொசு மிகுந்த இடங்களுக்கும் சுருக்கிக்கொண்டு, வீடுவீடாகக் கொசுப்புழுவைத் தேடும் பணியாளர்களைப் பெருக்க வேண்டும். மருந்துக்கு அதிகம் ஆளாகிறவர்கள் புகைக்கருவியைத் தோளில் சுமக்கும் ஊழியர்கள். தரமான முகமூடியும் கையுறையும் ஆண்டுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனையும் அவர்களுக்கு உறுதி செய்யப்பட வேண்டும். ஏரி, குளங்களில் பிடிஐ போன்ற நரம்பைத் தொடாத மருந்துகளுக்கே முன்னுரிமை தர வேண்டும்.

*மாநில அரசு:* பதிவு எண் இல்லாத ஊதுவத்திகளை வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்கள் மழைக்காலத்துக்கு முன்பே கடைகளில் சோதித்துப் பறிமுதல் செய்ய வேண்டும். எச்சரிக்கைகள் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நொச்சி மூட்டமும் வேப்பெண்ணெயும் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் கொசுவை விலக்குகின்றன, அந்தப் புகை நுரையீரலுக்கு என்ன செய்கிறது என்பதைப் புதுச்சேரி மையத்தோடு சேர்ந்து அளந்து சொல்லலாம். மக்கள் நம்பிக்கையை மட்டும் வைத்து வாங்குவது அப்போது குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான முறை எளியது: வார்டில் பிடித்த கொசுக்களை மருந்து பூசிய தாள் வைத்த குழாயில் ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுவது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, 98 விழுக்காட்டுக்குக் குறையாமல் செத்திருந்தால் மருந்து பயன்படுகிறது. 90-க்குக் கீழே போனால் எதிர்ப்புத் திறன் உறுதி. ஓசூரில் உள்ள நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் உதவியோடு ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன் இந்தச் சோதனையை நடத்தி, முடிவை ஒவ்வொரு வார்டின் பகுதி சபைக் கூட்டத்திலும் வைக்க வேண்டும். கொசுவைக் கொல்லாத மருந்துக்கு அடுத்த ஆண்டு டெண்டர் விடக் கூடாது என்று கேட்கும் உரிமை, சொத்துவரி கட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு.